‘புட் ஆஃப்’ என்பதைப் பாசிவில் தப்பில்லாமல் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

‘த மீட்டிங் புட் ஆஃப் டில் மண்டே.’ கூட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று சொல்ல நினைத்து எழுதப்படும் வாக்கியம் இது. ஆங்கிலத்தில் இதை அப்படியே படித்தால், கூட்டமே எதையோ தள்ளிப்போட்டது என்று தொடங்கி, எதைத் தள்ளிப்போட்டது என்று சொல்லாமலேயே நின்றுபோகிறது. விடுபட்டது ஒரே ஒரு சொல்தான், ‘வாஸ்’. அந்தச் சின்னச் சொல் இல்லாததால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது, செயலுக்கு ஆளான கூட்டம் செயலைச் செய்த ஆளாகிவிடுகிறது.

இந்தத் தப்பு ‘புட் ஆஃப்’ விஷயத்தில் இவ்வளவு எளிதாக நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘ரைட்’ என்ற வினை பாசிவில், அதாவது செயப்பாட்டு வினையில், ‘ரிட்டன்’ ஆகும், ‘டேக்’ என்பது ‘டேக்கன்’ ஆகும், அதனால் வடிவத்தைப் பார்த்தாலே ஏதோ மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ‘புட்’ அப்படி இல்லை. நிகழ்காலத்திலும் புட், இறந்தகாலத்திலும் புட், பாசிவில் வருகிற பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்ற வடிவத்திலும் அதே புட். பின்னால் வரும் ‘ஆஃப்’ எப்போதுமே மாறாது. ஆக, இது ஆக்டிவா (செய்வினையா) பாசிவா என்று வாசிப்பவருக்குக் காட்டுகிற முழுப் பொறுப்பும் முன்னால் வருகிற ‘பி’ வினையின் தலையில்தான் விழுகிறது. இஸ், வாஸ், ஹேஸ் பீன், வில் பி என்று அந்த வினைக்குப் பல முகங்கள். அதைச் சரியாகப் போடத் தெரிந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப அங்கேயேதான் வருவேன், ஏனென்றால் சிக்கல் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: இரண்டையும் ஒரே வினையாகப் பாருங்கள்

‘புட்’ தனி, ‘ஆஃப்’ தனி என்று நினைத்தால் எல்லாமே குழம்பும். ‘புட்’ என்றால் வை, போடு. ‘ஆஃப்’ என்றால் விலகி, அப்பால். இரண்டும் சேர்ந்தால்தான் ஒத்திவை என்ற பொருள் வருகிறது. எனவே ‘த மீட்டிங் வாஸ் புட்’ என்று நிறுத்தினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆங்கில வாக்கியம் இப்படிப்பட்ட குட்டிச் சொல்லில் முடியக் கூடாது என்று பள்ளியில் யாரோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு ‘ஆஃப்’பை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த விதியே இன்று யாரும் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை, அதுவும் இங்கே ‘ஆஃப்’ வினையின் ஒரு பகுதி, அதை வெட்டுவது வினையின் பாதியை வெட்டுவது. ‘ஒய் வாஸ் இட் புட் ஆஃப்?’ என்று தைரியமாக ‘ஆஃப்’பிலேயே முடிக்கலாம்.

இன்னொன்று, தமிழிலிருந்து வருகிற பழக்கம். தமிழில் ‘தள்ளிப்போடு’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் கடைசியில் இருக்கும் ‘போடு’தான் மாறுகிறது, ‘தள்ளிப்போடப்பட்டது’ என்று. மாற்றமெல்லாம் வால் பக்கம். ஆங்கிலத்தில் மாற்றமெல்லாம் தலைப் பக்கம், அதாவது ‘புட்’டுக்கு முன்னால் நடக்கிறது. வால் பக்கம் இருக்கிற ‘ஆஃப்’பை யாரும் தொடுவதில்லை. போதாததற்குப் பேச்சில் நாம் ‘தள்ளிப்போடப்பட்டது’ என்று சொல்வதே இல்லை, ‘தள்ளிப் போச்சு’ என்றோ ‘தள்ளி வச்சுட்டாங்க’ என்றோதான் சொல்கிறோம். ‘தள்ளிப் போச்சு’ என்று மனதில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ‘வாஸ்’ காணாமல் போகிறது, ஏனென்றால் ‘போச்சு’ என்பதற்குள் ‘வாஸ்’ எங்கேயும் இல்லை.

எழுத்துப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஆஃப்’பில் இரண்டு எஃப் வரும். ஒரே ஒரு எஃப் போட்டால் அது ‘உடைய’ என்ற பொருள் தருகிற வேறு சொல். அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் செயலிகள் பல சமயம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அப்புறம், ‘புட்டட்’ என்று ஒரு வடிவம் இந்த வினைக்குக் கிடையாது.

இரண்டாம் படி: ‘பி’ வினையில் காலத்தைக் காட்டுங்கள்

இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். ‘புட் ஆஃப்’ அசையாமல் நிற்கும், அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம்.

‘த இன்டர்வ்யூ வாஸ் புட் ஆஃப்.’ நேர்காணல் ஒத்திவைக்கப்பட்டது. நேற்று, போன வாரம், காலையில் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிடும்போது இதுதான் வேண்டும்.

‘த இன்டர்வ்யூ ஹேஸ் பீன் புட் ஆஃப்.’ ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. எப்போது முடிவெடுத்தார்கள் என்பது முக்கியமில்லை, இப்போதைய நிலவரம் இது, நீங்கள் இன்று வர வேண்டாம் என்கிற தொனி. ஒருவருக்குச் செய்தி சொல்லும்போது இந்த வடிவம்தான் இயல்பு. இவை இரண்டையும் கலந்து ‘த இன்டர்வ்யூ ஹேஸ் பீன் புட் ஆஃப் யெஸ்டர்டே’ என்று எழுதுவது மிகப் பரவலான தப்பு. ‘யெஸ்டர்டே’ என்று வந்துவிட்டால் ‘ஹேஸ் பீன்’ போக வேண்டும், ‘வாஸ்’ வர வேண்டும். ‘ஹேஸ் பீன்’தான் வேண்டும் என்றால் ‘யெஸ்டர்டே’வை எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று.

‘த இன்டர்வ்யூ ஹேட் பீன் புட் ஆஃப்.’ கடந்தகாலத்தில் இன்னொன்று நடப்பதற்கு முன்பே ஒத்திவைத்துவிட்டார்கள். ‘நான் போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அதற்கு முன்பே தள்ளிவைத்திருந்தார்கள்’ என்று கதை சொல்லும்போது இது வரும். இரண்டு நிகழ்வுகள் இல்லாமல் ஒற்றை வாக்கியத்தில் வெறுமனே ‘ஹேட் பீன்’ போடுகிற பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது, அதைக் கைவிடலாம்.

‘த இன்டர்வ்யூ வில் பி புட் ஆஃப்.’ ஒத்திவைக்கப்படும். முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் அப்படித்தான் ஆகும். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட விஷயத்துக்கு இதைப் போட்டால் வாசிப்பவர் குழம்பிவிடுவார், இன்றைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று திருப்பிக் கேட்பார்.

‘மே, மைட், ஷுட், மஸ்ட், கான்ட்’ போன்றவற்றோடு சேரும்போது பின்னால் ‘பி’ என்ற மூல வடிவமே வரும், ‘மே பி புட் ஆஃப்’, ‘மஸ்ட் பி புட் ஆஃப்’. இதில் ‘கான்ட் பி புட் ஆஃப் எனி லாங்கர்’ என்ற தொடரை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம், இனியும் தள்ளிப்போட முடியாது என்று சொல்ல மிக இயல்பான வழி அது. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி, தள்ளிவைத்திருக்க வேண்டும், ஆனால் வைக்கவில்லை என்று வருத்தப்பட ‘ஷுட் ஹேவ் பீன் புட் ஆஃப்’.

திரும்பத் திரும்பத் தள்ளிப்போகிற விஷயத்துக்கு என்ன எழுதுவது? இலக்கணப் புத்தகத்தின் வழியில் யோசித்தால் ‘ஹேஸ் பீன் பீயிங் புட் ஆஃப்’ என்று ஒன்று பிறக்கும். விதிப்படி அது சாத்தியம்தான், ஆனால் வாயில் நுழையாத அந்த வடிவத்தை யாரும் எழுதுவதில்லை. ‘இட் கீப்ஸ் பீயிங் புட் ஆஃப்’ அல்லது இன்னும் பேச்சுவழக்காக ‘இட் கீப்ஸ் கெட்டிங் புட் ஆஃப்’ என்று சொல்லுங்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ‘பி’க்குப் பதிலாக ‘கெட்’ வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேச்சில் அது முழுக்கச் சரி. ஆனால் அலுவல்சார்ந்த கடிதத்தில் ‘காட் புட் ஆஃப்’ என்று எழுதினால் கொஞ்சம் தளர்வாகத் தெரியும்.

குறுகிய பதிலிலும் பாரம் ‘பி’ மேல்தான். ‘வாஸ் இட் புட் ஆஃப்?’ என்று கேட்டால் ‘யெஸ், இட் வாஸ்’. ‘ஹேஸ் இட் பீன் புட் ஆஃப்?’ என்றால் ‘யெஸ், இட் ஹேஸ்’. ‘டிட் த மீட்டிங் புட் ஆஃப்?’ என்ற கேள்வி எந்த இடத்திலும் சரியாக வராது, ஏனென்றால் ‘டிட்’ போட்ட உடனேயே அது ஆக்டிவ் கேள்வியாகி, கூட்டம் மறுபடி செயலைச் செய்த ஆளாகிவிடுகிறது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய சோதனை

‘புட் ஆஃப்’ இருக்கும் இடத்தில் ‘போஸ்ட்போன்ட்’ என்று வைத்துப் பாருங்கள். ‘த மீட்டிங் போஸ்ட்போன்ட் டில் மண்டே’ என்று வருகிறதென்றால் ‘வாஸ்’ இல்லாதது சட்டெனக் காதில் இடறும், ஏனென்றால் அந்த வினை கடைசியில் டகர ஒலி ஏற்று மாறுகிற ரகம். ஆக்டிவ் வாக்கியம் என்றால் அதன்பின் எதைத் தள்ளிவைத்தார்கள் என்று வந்தாக வேண்டும், ‘த மேனேஜர் போஸ்ட்போன்ட் த மீட்டிங்’ என்பது போல. செயப்படுபொருள் பின்னால் இல்லை, ‘பி’ வினை முன்னால் இல்லை என்றால் வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறது. இந்தச் சோதனையை எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை செய்து பார்த்தால் போதும், சில நாளில் சோதனை தேவைப்படாமலே கை தானாக ‘வாஸ்’ போடும்.

‘பி’ இல்லாமலும் சரியாக இருக்கும் இரண்டு இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் நாளைக்கே ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து, இதோ ‘வாஸ்’ இல்லையே என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான்.

முதலாவது, தலைப்புச் செய்தி. ‘எக்ஸாம்ஸ் புட் ஆஃப்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். தலைப்பில் இடம் குறைவு என்பதால் ‘வேர்’, ‘ஹேவ் பீன்’ போன்றவற்றை விட்டுவிடுவது ஆங்கிலப் பத்திரிகைகளின் நீண்டகால மரபு. அந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கும் செய்தியின் முதல் வாக்கியத்தைப் படித்தால் ‘ஹேவ் பீன் புட் ஆஃப்’ என்றோ ‘ஹேவ் பீன் போஸ்ட்போன்ட்’ என்றோ முழுதாக இருக்கும். தலைப்புகளை மட்டும் மேய்ந்து ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு ‘வாஸ்’ விட்டுப்போவது இதனாலும்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. தலைப்பைப் படியுங்கள், ஆனால் நடையைக் கீழே உள்ள பத்தியிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ‘த எக்ஸாம்ஸ் புட் ஆஃப் இன் மார்ச் வில் பி ஹெல்ட் இன் ஜூன்.’ மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்ட தேர்வுகள் ஜூனில் நடக்கும். இங்கே ‘புட் ஆஃப்’புக்கு முன்னால் ‘வேர்’ இல்லை, ஆனாலும் சரி. எப்படி? இந்த வாக்கியத்தின் முதன்மை வினை ‘வில் பி ஹெல்ட்’. ‘புட் ஆஃப் இன் மார்ச்’ என்பது எந்தத் தேர்வுகள் என்று அடையாளம் காட்டும் பகுதி மட்டுமே, தமிழில் ‘ஒத்திவைக்கப்பட்ட’ என்று பெயரெச்சமாக வருவதற்கு நிகர். ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று முடித்தால் முற்று, ‘ஒத்திவைக்கப்பட்ட’ என்று நின்றால் எச்சம், பின்னால் ஒரு பெயர் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காட்டுவது ‘பி’ இருப்பதும் இல்லாததும்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வாக்கியத்தில் வேறு ஒரு முழு வினை இருக்கிறதா? இருந்தால் ‘பி’ இல்லாமல் விடலாம். ‘புட் ஆஃப்’ மட்டுமே வினையாக இருந்தால் விடவே முடியாது.

மூன்றாம் படி: எழுவாய் நிகழ்ச்சியா, ஆளா என்று பாருங்கள்

‘த மீட்டிங் வாஸ் புட் ஆஃப்’ என்றால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ‘த மேனேஜர் வாஸ் புட் ஆஃப்’ என்றால் மேலாளர் ஒத்திவைக்கப்பட்டார் என்று பெரும்பாலும் அர்த்தமில்லை. அவருக்கு மனம் விட்டுப்போனது, பிடிக்காமல் போனது, அல்லது கவனம் சிதறியது. ஒரே வடிவம், எழுவாய் மாறினதும் பொருள் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘வீ வேர் புட் ஆஃப் டுடே’ என்று எழுதினால், உங்கள் சந்திப்பு தள்ளிப்போனதைச் சொல்ல வந்த நீங்கள், எதையோ பார்த்து முகம் சுளித்ததாகச் சொல்லிவிடுகிறீர்கள்.

இந்த இரண்டாவது பொருள் ஆங்கிலத்தில் பாசிவிலும் நிறையவே வருகிறது, அதனால் இதைக் கற்றுக்கொள்வது லாபம். ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை த ஸ்மெல்’, அந்த வாடையால் எனக்குப் பிடிக்காமல் போனது. ‘டோன்ட் பி புட் ஆஃப் பை த சைஸ் ஆஃப் த புக்’ என்றால் புத்தகத்தின் தடிமனைப் பார்த்து மலைத்துவிடாதே. புத்தகம், மென்பொருள், பாடத்திட்டம் எதைப் பரிந்துரைத்தாலும் ‘டோன்ட் பி புட் ஆஃப் பை’ என்ற தொடர் வந்து நிற்கும். ‘த ப்ளேயர் வாஸ் புட் ஆஃப் பை த நாய்ஸ்’ என்றால் சத்தத்தால் ஆட்டக்காரரின் கவனம் கலைந்தது. இந்தப் பொருளில் ‘பை’யும் அதன்பின் வரும் காரணமும் ஏறக்குறைய எப்போதும் கூடவே வரும், இல்லாவிட்டாலும் முந்தைய வாக்கியத்தில் காரணம் சொல்லப்பட்டிருக்கும்.

ஒரு செயலின் மீதே ஆசை விட்டுப்போனது என்று சொல்ல, ‘ஆஃப்’புக்கு அடுத்து நேரடியாக அந்தச் செயலை ‘இங்’ வடிவில் வைக்கிறார்கள். ‘ஷி வாஸ் புட் ஆஃப் டிரைவிங் பை தி ஆக்சிடென்ட்.’ அந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு வண்டி ஓட்டவே மனம் வரவில்லை. நடுவில் ‘ஃப்ரம்’ சேர்த்து ‘புட் ஆஃப் ஃப்ரம் டிரைவிங்’ என்று எழுத வேண்டாம், அந்த ‘ஃப்ரம்’ தேவையே இல்லை.

ஆள் எழுவாயாக இருந்தும் ஒத்திப்போடுதல் என்ற பொருள் வருவதும் உண்டு. வரவிருந்த விருந்தினரிடம் இன்று வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டால் ‘த கெஸ்ட்ஸ் வேர் புட் ஆஃப் டில் நெக்ஸ்ட் வீக்’. பணம் கேட்டு வந்தவரைச் சாக்குப்போக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினால் ‘ஹி வாஸ் புட் ஆஃப் வித் எக்ஸ்க்யூசஸ்’. கவனியுங்கள், ‘டில்’ வந்தால் ஒரு பொருள், ‘வித்’ வந்தால் ஒரு பொருள், ‘பை’ வந்தால் இன்னொன்று. ஆகவே ஆள் எழுவாயாக இருக்கும்போது பின்னால் வரும் சொல்லைப் பார்க்காமல் பொருளை முடிவு செய்யாதீர்கள்.

விளக்கை அணைப்பதற்கு ‘புட் ஆஃப் த லைட்’ என்று இந்திய ஆங்கிலத்தில் பரவலாகச் சொல்கிறோம். அதன் பாசிவாக ‘த லைட் வாஸ் புட் ஆஃப்’ என்று எழுதினால் இங்கே எல்லாருக்கும் புரியும். ஆனால் உலகெங்கும் இருக்கும் வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் ‘ஸ்விட்ச்ட் ஆஃப்’ அல்லது ‘டர்ன்ட் ஆஃப்’ போடுங்கள், தயக்கமே வராது.

நான்காம் படி: பின்னால் வரும் சின்னச் சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

புதிய தேதியைச் சொல்ல ‘டில்’ அல்லது ‘அன்டில்’. ‘புட் ஆஃப் டில் ஃப்ரைடே’, ‘புட் ஆஃப் அன்டில் ஜூன்’. ‘டு ஃப்ரைடே’ என்றும் எழுதுகிறார்கள், புரியும், ஆனால் ‘டில்’ இன்னும் இயல்பு. எவ்வளவு காலம் என்று சொல்ல ‘ஃபார் டூ வீக்ஸ்’ அல்லது ‘பை டூ வீக்ஸ்’. தேதியே குறிக்கவில்லை என்றால் ‘இன்டெஃபினிட்லி’.

‘ஆன்’ மட்டும் ஆபத்தானது. ‘த மீட்டிங் வாஸ் புட் ஆஃப் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதினால், ஒத்திவைக்கும் முடிவு வெள்ளிக்கிழமை அன்று எடுக்கப்பட்டது என்று பொருள். கூட்டம் எப்போது நடக்கும் என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம் என்று நினைத்து நீங்கள் அனுப்பிய செய்தியை நம்பி ஒருவர் வெள்ளிக்கிழமை வராமலேயே இருந்துவிடலாம். இது வெறும் இலக்கணக் குறை இல்லை, ஆட்கள் தவறான நாளில் வந்து நிற்பதற்கும் வராமல் போவதற்கும் இதுவே போதும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரணத்துக்கு ‘ட்யூ டு’ போடுங்கள். ‘த மேட்ச் வாஸ் புட் ஆஃப் ட்யூ டு ரெயின்.’ ‘பை’யை யார் ஒத்திவைத்தார்கள் என்று சொல்வதற்கு வைத்துக்கொள்ளலாம், ‘பை த கமிட்டி’ என்பது போல. எல்லாம் ஒன்றாக வந்தால் யார், எதுவரை, ஏன் என்ற வரிசையில் அடுக்குவது படிக்கச் சுகமாக இருக்கும்: ‘த மேட்ச் வாஸ் புட் ஆஃப் பை த கமிட்டி டில் ஃப்ரைடே ட்யூ டு ரெயின்.’ என்றாலும் இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் திணிக்காமல் இரண்டாக உடைப்பது நல்லது.

ஐந்தாம் படி: ‘புட்’டுக்கும் ‘ஆஃப்’புக்கும் நடுவில் எதையும் விடாதீர்கள்

ஆக்டிவில் இந்த இரண்டும் பிரியலாம். ‘தே புட் த மீட்டிங் ஆஃப்’ சரி, ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ அதுவும் சரி, ஆனால் ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் என்றால் நடுவில் மட்டுமே, ‘தே புட் இட் ஆஃப்’. பாசிவுக்குப் போனால் இந்தத் தலைவலியே இல்லை, ஏனென்றால் நடுவில் இருந்த பெயர் எழுந்து வாக்கியத்தின் முன்னால் போய்விட்டது. போன பின்பும் அதன் நிழலை நடுவில் விட்டு ‘த மீட்டிங் வாஸ் புட் இட் ஆஃப்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ‘இட்’டை எடுத்துவிடுங்கள்.

வினையடைகளும் வெளியேதான். ‘வாஸ் ரிப்பீட்டட்லி புட் ஆஃப்’ அல்லது ‘வாஸ் புட் ஆஃப் அகெய்ன்’. ‘வாஸ் புட் ரிப்பீட்டட்லி ஆஃப்’ என்பது உடைந்த ஆங்கிலம். ஒரே ஒரு விதிவிலக்கு தெரிந்து வைத்துக்கொள்ளலாம்: பிடிக்காமல் போவது என்ற பொருளில் பிரிட்டிஷ் பேச்சில் ‘ஐ வாஸ் புட் ரைட் ஆஃப்’ என்பார்கள், அறவே பிடிக்காமல் போயிற்று என்று. நீங்களே எழுத வேண்டிய அவசியமில்லை, கேட்டால் புரிந்தால் போதும்.

பேசும்போது இரண்டும் ஒட்டி, ‘பு-டாஃப்’ என்பது போலக் காதில் விழும், அழுத்தம் ‘ஆஃப்’ மேல். ‘வாஸ்’ மிக மெல்லியதாக, கிட்டத்தட்ட விழுங்கப்பட்டு வரும். கேட்டு மட்டுமே பழகியவர்கள் எழுதும்போது ‘வாஸ்’ஐ விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்குக் கேட்காவிட்டாலும் அது அங்கே இருக்கிறது.

ஆறாம் படி: பாசிவ் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

யார் தள்ளிவைத்தார்கள் என்பது தெரியாது, அல்லது தெரிந்தாலும் அது முக்கியமில்லை என்றால் பாசிவ் சரியான தேர்வு. ஆனால் நீங்களே சோம்பலில் தள்ளிப்போட்ட வேலைக்குப் பாசிவ் ஒட்டவே ஒட்டாது. ‘ஐ ஹேவ் பீன் புட்டிங் ஆஃப் த ரிப்போர்ட்’ என்று ஆக்டிவில் சொல்லுங்கள். ‘த ரிப்போர்ட் ஹேஸ் பீன் புட் ஆஃப் பை மீ’ என்று யாரும் பேசுவதில்லை. பேச்சில் நாம் ‘தள்ளி வச்சுட்டாங்க’ என்பதைப் போலவே ஆங்கிலத்திலும் ‘தே ஹேவ் புட் இட் ஆஃப்’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், அது தரக்குறைவான ஆங்கிலம் என்று நினைக்க வேண்டியதில்லை.

பாசிவைப் பொறுப்பிலிருந்து நழுவுவதற்குப் பயன்படுத்துகிற எழுத்தை எனக்குப் பிடிக்காது. ‘யுவர் பேமென்ட் ஹேஸ் பீன் புட் ஆஃப்’ என்று மொட்டையாக ஒருவருக்கு எழுதினால் யார் முடிவு, எப்போது கிடைக்கும், யாரைக் கேட்பது என்று அவருக்கு எதுவுமே தெரியாது. ‘ஹேஸ் பீன் புட் ஆஃப்’ எழுதினால் ‘டில்’லும் ஒரு தேதியும் கூடவே வர வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி, நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

தொனியையும் பாருங்கள். ‘புட் ஆஃப்’ கொஞ்சம் இலகுவான சொல். முறையான அறிவிப்பு என்றால் ‘போஸ்ட்போன்ட்’. கட்டணம், முடிவு, சேர்க்கை போன்றவற்றுக்கு ‘டிஃபர்ட்’. தொடங்கிவிட்ட கூட்டத்தை நடுவில் நிறுத்திப் பிறகு தொடர்வது என்றால் ‘அட்ஜர்ன்ட்’. அறவே நடக்காது, ரத்து என்றால் ‘கால்ட் ஆஃப்’. இதில் ‘புட் ஆஃப்’பையும் ‘கால்ட் ஆஃப்’பையும் மாற்றிப் போட்டால், நடக்கவிருக்கும் நிகழ்ச்சியை நீங்களே ரத்து செய்துவிடுகிறீர்கள். முன்தேதிக்கு மாற்றினால் நாம் சொல்லும் ‘ப்ரீபோன்ட்’ இந்திய ஆங்கிலம், வெளியே இருப்பவர்களுக்கு ‘ப்ராட் ஃபார்வர்ட்’ என்றால்தான் சட்டென்று புரியும்: ‘த மீட்டிங் ஹேஸ் பீன் ப்ராட் ஃபார்வர்ட் டு டியூஸ்டே.’

இதே முறையில் மற்ற வினைகள்

‘த டெஸ்ட் வாஸ் கேரிட் அவுட்’, ‘த ஃபயர் வாஸ் புட் அவுட்’, ‘த சில்ட்ரன் வேர் லுக்ட் ஆஃப்டர்’. எல்லாவற்றிலும் அதே கதைதான், ‘பி’ முன்னால், வால் அப்படியே. மூன்று சொல் வினைகளில் வால் இரண்டு, இரண்டையுமே விடக் கூடாது: ‘த ரூல் வாஸ் டன் அவே வித்’, அந்த விதி நீக்கப்பட்டது. ‘வித்’தில் முடிகிறதே என்று தயங்க வேண்டாம்.

இப்படி வால் சேர்ந்த வினைகளை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள், எல்லா ஃப்ரேசல் வெர்பும் பாசிவ் ஆகாது என்பதையும் மறக்காதீர்கள். செயப்படுபொருள் ஏற்காத வினைக்குப் பாசிவ் கிடையாது. பழுதான வண்டிக்கு ‘த கார் ப்ரோக் டவுன்’ என்பதுதான் வாக்கியம், ‘த கார் வாஸ் ப்ரோக்கன் டவுன்’ இல்லை. வளர்ந்தேன் என்பது ‘ஐ க்ரூ அப்’, வளர்க்கப்பட்டேன் என்பது ‘ஐ வாஸ் ப்ராட் அப்’. ஜாடையில் ஒத்திருப்பதைச் சொல்லும் ‘டேக் ஆஃப்டர்’ செயப்படுபொருள் ஏற்றாலும் பாசிவுக்கு வராது.

ஒரு மின்னஞ்சலைத் திருத்திப் பார்ப்போம்

‘த ரிவ்யூ மீட்டிங் புட் ஆஃப் ஆன் தர்ஸ்டே. இட் ஹேஸ் பீன் புட் ஆஃப் லாஸ்ட் வீக் ஆல்சோ. வீ ஆர் புட் ஆஃப் ட்யூ டு சர்வர் ப்ராப்ளம்.’

முதல் வாக்கியத்தில் ‘பி’ இல்லை, கூடவே ‘ஆன்’ என்ற பொறி. இது இன்றைய நிலவரத்தைச் சொல்லும் செய்தி என்பதால் ‘வாஸ்’ஐ விட ‘ஹேஸ் பீன்’ பொருத்தம்: ‘த ரிவ்யூ மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் தர்ஸ்டே.’ இரண்டாவதில் ‘லாஸ்ட் வீக்’ என்று முடிந்துபோன காலம் வந்துவிட்டதால் ‘இட் வாஸ் ஆல்சோ புட் ஆஃப் லாஸ்ட் வீக்.’ மூன்றாவதில் எழுவாய் ‘வீ’ என்பதால் நாங்கள் மனம் வெறுத்துப்போனோம் என்கிற வாடை அடிக்கிறது, உண்மையில் தள்ளிப்போனது கூட்டம்தான். எனவே அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுக் காரணத்தை மட்டும் முதல் வாக்கியத்தின் கடைசியில் சேர்த்துவிடலாம்: ‘த ரிவ்யூ மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் தர்ஸ்டே ட்யூ டு எ சர்வர் ப்ராப்ளம்.’ சர்வர் என்பதற்கு முன்னால் ஒரு ‘எ’ சேர்ந்திருப்பதையும் பாருங்கள், அதையும் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.